பதில் வராத நாட்கள்

கொச்சியின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் காக்கநாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இன்ஃபோபார்க். 2004-இல் தொடங்கிய அந்தத் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும், சிறப்புப் பொருளாதார மண்டலமும், மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் சேர்ந்துதான் இன்றைய காக்கநாட்டை உருவாக்கின. அங்கிருந்து சீபோர்ட் - ஏர்போர்ட் சாலையில் வடக்கே போனால் களமசேரி. குசாட் என்று எல்லோரும் சொல்லும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. 1971-இல் கொச்சிப் பல்கலைக்கழகமாகப் பிறந்து 1986-இல் இன்றைய பெயரைப் பெற்ற நிறுவனம் அது. அதன் தலைமை வளாகத்துக்குத் திருக்காக்கரை வளாகம் என்று பெயர். நம்மாழ்வார் பாடிய திருக்காட்கரை என்றால் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இன்னும் எளிதில் பிடிபடும். இந்த வட்டாரத்தின் மாடி அறைகளிலும் பேயிங் கெஸ்ட் வீடுகளிலும் ஒரே வயதுள்ள இரண்டு வகை இளைஞர்கள் அக்கம்பக்கத்தில் குடியிருக்கிறார்கள். ஒருவர் மென்பொருள் நிறுவனத்துக்குப் போகிறார், இன்னொருவர் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறார். இவர்களை ஒப்பிடுபவர்கள் சம்பளத்தைத்தான் பேசுவார்கள். அந்த வித்தியாசம் பெரியதுதான். ஆனால், செய்த வேலை சரியா தவறா என்று யாருக்கு எப்போது தெரியவருகிறது என்ற வித்தியாசம் அதைவிட ஆழமானது. எழுதிய நிரல் ஓடுகிறதா என்று மென்பொருள்காரருக்குப் பெரும்பாலும் அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். ஆய்வு மாணவிக்கு அது தெரிய ஒரு பருவமழைக்காலம் முழுக்க ஆகலாம்.

இந்தியாவில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருப்பவர்களின் எண்ணிக்கை 2014-15-இல் ஏறத்தாழ 1.17 லட்சமாக இருந்தது, 2021-22-இல் 2.13 லட்சமானது. இவ்வளவு பேர் வாழும் வாழ்க்கையைப் பற்றி வெளியில் பேசப்படுவது குறைவு. ஒருவர் பட்டம் வாங்கும்போது பேசுகிறோம், அல்லது யாரேனும் உயிரை விடும்போது பேசுகிறோம். இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு வருடங்கள் கிடக்கின்றன. திங்கட்கிழமை ஒரு வரைபடம் எதிர்பார்த்தபடி வந்துவிட்டால் உலகமே கைக்குள் வந்த மாதிரி இருக்கும். புதன்கிழமை அதே வரைபடத்தில் ஓர் அலகு தப்பாகப் போட்டிருப்பது தெரியவந்ததும் ‘இந்த வேலைக்கே நான் லாயக்கில்லையோ’ என்று தோன்றும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தனிமனிதரின் மனத்திடம் பற்றிய விஷயமாகவே நம் பல்கலைக்கழகங்களும் குடும்பங்களும் பார்க்கின்றன. அது தவறான பார்வை என்பது என் வாதம். ஆய்வு மாணவரின் அன்றாட ஊசலாட்டத்தில் பெரும்பகுதி, பதில் எப்போது வரும் என்று தெரியாத காத்திருப்பிலிருந்து பிறக்கிறது. ஆய்வு முடிவு, நெறியாளரின் கருத்து, ஜர்னலின் கடிதம், உதவித்தொகை என எல்லாமே தேதி இல்லாமல் வருகின்றன. இவற்றில் ஆய்வு முடிவைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மனிதர்களால் தேதி குறிக்க முடியும்.

கொச்சியின் கடலியல் மாணவர்களின் வேலையை எடுத்துக்கொள்வோம். வேம்பநாட்டுக் காயலின் நீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். படகிலிருந்து நீரை மொண்டு, கண்ணாடிப் புட்டியில் நுரைக்காமல் நிரப்ப வேண்டும். அங்கேயே மாங்கனீசு உப்புக் கரைசலும் காரம் கலந்த அயோடைடும் சேர்த்து, மூடியை அழுத்திப் புட்டியைக் கவிழ்த்துக் கலக்கினால் பழுப்பு நிற வண்டல் இறங்கும். ஆய்வுக்கூடத்துக்கு வந்து அமிலம் ஊற்றினால் வண்டல் கரைந்து மஞ்சளாகும். அதில் தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் வெளிறியதும் ஸ்டார்ச் சேர்க்க, நீலம் பிறக்கும். அந்த நீலம் மறையும் சொட்டில் நிறுத்தி அளவைக் குறிக்க வேண்டும். ஒரு முழு நாள் உழைப்பில் நோட்டில் ஏறுவது சில எண்கள்தான். மூடிக்கு அடியில் ஒரு காற்றுக்குமிழ் சிக்கியிருந்தால் அந்தப் புட்டி வீண். வேறு மாதமாக இருந்தால் மறுபடியும் போகலாம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கி, ஆற்று வெள்ளம் காயலின் உப்பைக் கீழே தள்ளும் அந்தச் சில வாரங்களின் மாதிரி என்றால், அடுத்த ஜூன்வரை காத்திருக்க வேண்டியதுதான். வானிலை மாணவர்களுக்கும் இதே கதை. குசாட்டில் 2017 முதல் இயங்கும் 205 மெகாஹெர்ட்ஸ் ரேடார், மேலே பல கிலோமீட்டர் உயரம்வரை காற்றின் போக்கை அளக்கும் உள்நாட்டுத் தயாரிப்பு. எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் பருவமழை தொடங்கும் நாள் வருடத்துக்கு ஒன்றுதான். அன்று மின்சாரமோ கணினியோ மக்கர் பண்ணிவிட்டால் அதற்கு மாணவர் பொறுப்பில்லை; பலனை அனுபவிப்பவர் மட்டும் அவரே. இந்தக் காத்திருப்பு ஆய்வின் இயல்பு, அதை யாராலும் ஒழிக்க முடியாது. அதனால்தான் மற்ற காத்திருப்புகளை அதன் மேல் அடுக்கக் கூடாது என்கிறேன்.

அன்றாட மனநிலையை எது தீர்மானிக்கிறது என்பதை ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் டெரசா அமபிலேவும் அவருடைய சக ஆய்வாளர் ஸ்டீவன் கிரேமரும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஏழு நிறுவனங்களில் 26 குழுக்களைச் சேர்ந்த 238 பேர் தினமும் எழுதிய ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளை அலசி, 2011-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மனம் மிக நன்றாக இருந்த நாட்களில் 76 சதவீதம், வேலையில் ஏதோ ஓர் அடி முன்னேறிய நாட்கள். மனம் மிக மோசமாக இருந்த நாட்களில் 67 சதவீதம், வேலை பின்னோக்கிப் போன நாட்கள். அந்த முன்னேற்றம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு சின்னப் பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்தது, ஒரு பத்தியை எழுதி முடித்தது போன்றவையே போதுமாயிருந்தன. இதே ஆய்வாளர்கள் 669 மேலாளர்களிடம், ஊழியர்களை ஊக்கப்படுத்துவது எது என்று கேட்டபோது, வேலையில் முன்னேற்றம் காண உதவுவதை அவர்கள் கடைசி இடத்தில் வைத்தார்கள். மேலே இருப்பவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அந்தக் குறிப்புகளை எழுதியவர்கள் நிறுவன ஊழியர்கள். ஆய்வு மாணவர்கள் அல்ல. ஆனால் அவர்களும் புதிதாக யோசித்து எதையாவது உருவாக்கும் வேலையில் இருந்தவர்கள். முன்னேற்றம் வாரக்கணக்கில் கண்ணுக்கே தெரியாத முனைவர் பட்டப் படிப்பில் இந்த விதி தளர்வதற்குக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை; இறுகுவதற்குத்தான் காரணம் இருக்கிறது.

‘எல்லா வேலையிலும் அழுத்தம் உண்டு. இன்ஃபோபார்க்கில் இரவு பதினோரு மணிக்கு மீட்டிங்கில் இருப்பவர் மட்டும் சுகமாகவா இருக்கிறார்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இதற்கு பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து ஒரு பதில் வந்தது. கட்டியா லெவெக்கும் சக ஆய்வாளர்களும் 3,659 ஆய்வு மாணவர்களை, அதே அளவு படித்து வேறு வேலைகளில் இருப்பவர்களோடு ஒப்பிட்டு 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆய்வு மாணவர்களில் இருவருக்கு ஒருவர் உளைச்சலில் இருந்தார். மூவருக்கு ஒருவர் மனநலப் பாதிப்புக்கு உள்ளாகும் அபாயத்தில் இருந்தார். ஒப்பிடப்பட்ட மற்றவர்களைவிட இது தெளிவாகவே அதிகம். 2019-இல் ‘நேச்சர்’ இதழ் உலக அளவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வு மாணவர்களிடம் கேட்டபோது, படிப்பினால் வந்த பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ உதவி நாடியதாக 36 சதவீதம் பேர் சொன்னார்கள். அதே கணக்கெடுப்பில் முக்கால்வாசிப் பேர், இந்தப் படிப்பை எடுத்த முடிவில் திருப்தி என்றும் சொன்னார்கள். பிடித்துப்போய் எடுத்துக்கொண்ட வேலையே வதைக்கவும் செய்கிறது. ‘பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே’ என்ற அறிவுரை அதனால்தான் அவர்களிடம் எடுபடுவதில்லை.

இத்தகைய கணக்கெடுப்புகளில் துன்பப்படுபவர்களே அதிகம் பதில் எழுதுவார்கள், அதனால் எண்கள் வீங்கியிருக்கும் என்ற ஆட்சேபத்துக்கும் வலு உண்டு. அதை ஏற்றுக்கொண்டுதான் ஸ்வீடன் நாட்டு ஆய்வைப் பார்க்க வேண்டும். அங்கே யாரிடமும் கேள்வி கேட்கவில்லை. அரசுப் பதிவேடுகளில் உள்ள மருந்துச்சீட்டுகளை எண்ணினார்கள். படிப்பில் சேர்வதற்கு முன் இந்த மாணவர்கள் மனநல மருந்து எடுத்த அளவு, முதுகலை படித்த மற்றவர்களின் அளவை ஒத்திருந்தது. சேர்ந்தபின் ஆண்டுக்கு ஆண்டு ஏறி, ஐந்தாம் ஆண்டு வாக்கில் ஏறத்தாழ 40 சதவீதம் கூடியது. அதன்பின் குறைந்தது. பலவீனமானவர்கள்தான் இந்தப் படிப்புக்கு வருகிறார்கள் என்ற பேச்சு இங்கே அடிபட்டுப்போகிறது. இந்த ஆய்வு என் வாதத்தையும் ஓரிடத்தில் சோதிக்கிறது. ஸ்வீடனில் ஆய்வு மாணவர்கள் பொதுவாகச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். மாதச் சம்பளம் ஒழுங்காக வந்தும் பாதிப்பு ஏறியிருக்கிறது என்றால், பணத்தை நேரத்துக்குக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. நானும் அப்படிச் சொல்லவில்லை. ஸ்வீடன் மாணவருக்கு இல்லாத ஒரு சுமை இந்திய மாணவருக்குக் கூடுதலாக இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

அந்தச் சுமையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து 42,000. கணிசமான தொகைதான். அந்தத் தகுதி இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தவர்களுக்குப் பல்லாண்டுகளாக மாதம் 8,000 ரூபாய். 2015 அக்டோபரில் இதையும் நிறுத்தப்போவதாகப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அறிவித்து, டெல்லியில் அதன் அலுவலக வாசலில் மாணவர்கள் நாட்கணக்கில் கிடந்து போராடியபின் தொகை தப்பியது, ஆனால் ஏறவில்லை. தொகை ஒருபுறம் இருக்க, அது வந்துசேரும் வழி இன்னொரு கதை. ஜே.ஆர்.எஃப். பணம் கனரா வங்கியின் இணையதளம் வழியாக வழங்கப்பட்டு வந்த முறையில், இந்த மாணவர் இந்த மாதம் ஆய்வில் இருந்தார் என்று பல்கலைக்கழகத்தில் ஒருவர் பதிய, இன்னொருவர் சரிபார்த்து உறுதிசெய்ய வேண்டும். மாதாமாதம் இது நடக்க வேண்டும். இருவரில் ஒருவர் விடுப்பில் போனாலோ, கோப்பு ஒரு மேசையில் தங்கிவிட்டாலோ அந்த மாதப் பணம் நின்றுவிடும். மேலேயிருந்து நிதி வராமல் நிற்பது தனி. சிறுபான்மைச் சமூக ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையைப் புதியவர்களுக்கு நிறுத்திவிட்டதாக 2022 டிசம்பரில் அரசு அறிவித்தது. ஏற்கெனவே பெற்றுவந்தவர்கள் 2025-இன் முதல் பாதியில் பல மாதங்கள் பணமில்லாமல் தவித்தார்கள். காக்கநாட்டின் வாடகையை நிர்ணயிப்பதோ ஐடி ஊழியர்களின் வருமானம். வீட்டுக்காரருக்கு மாதம் பிறந்ததும் பணம் வேண்டும். ஆறு மாதத் தொகை மொத்தமாக வந்து விழுந்தாலும், அதற்குள் நண்பர்களிடம் கைமாற்று வாங்கி, வீட்டுக்கு அனுப்ப வேண்டியதை நிறுத்தி, சாப்பாட்டைச் சுருக்கிப் பட்ட அவமானத்தை அந்தத் தொகை திருப்பித் தருவதில்லை. இது மனத்திடத்தால் தீரும் பிரச்சினை இல்லை.

அடுத்தது நெறியாளர். பிளாண்டர்ஸ் ஆய்வு, மாணவரின் மனநிலையோடு தொடர்புள்ளவையாகக் கண்டவற்றில் நெறியாளரின் போக்கும் ஒன்று. குடும்பத்துக்கும் வேலைக்கும் நடுவே இழுபடுவது, வேலைச் சுமை, தன் வேலையில் தனக்கே பிடி இல்லாதது ஆகியவை மற்றவை. நம் ஊரில் நெறியாளர் மாணவரின் கையெழுத்து அதிகாரி, பரிந்துரைக் கடிதம் எழுதுபவர், சில சமயம் அடுத்த வேலைக்கான ஒரே கதவு. அவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் மாணவருக்கு அந்த வாரமே போய்விடுகிறது. அவருக்கு வகுப்பு, தர மதிப்பீட்டுக்கான நாக் (NAAC) கமிட்டிக் கோப்பு, தேர்வுத்தாள் என்று ஆயிரம் வேலை இருந்திருக்கும்; ஆனால் காரணம் தெரியாத மௌனத்தை மாணவர் தன் மீதான தீர்ப்பாகவே படித்துக்கொள்வார். 2023-இல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஆய்வு மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டபின், ஓய்வுபெற்ற காவல்துறை உயரதிகாரியும் எழுத்தாளருமான திலகவதி தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மாணவர்கள் கேட்டுப் போராடியதால் வந்த குழு அது. ஒரு மரணத்தை ஒரே காரணத்தில் அடக்குவது அநியாயம், நான் அதைச் செய்யமாட்டேன். ஆனால் நெறியாளர் - மாணவர் உறவை வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்க அவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பது நம் நிறுவனங்களைப் பற்றிச் சொல்கிறது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் மனநலத்தை ஆராய முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைத்ததும் அதே வரிசையில் வருவதுதான்.

தேதி குறித்த சந்திப்புகளால் ஆய்வின் சுதந்திரம் போய்விடும், மாணவர் பள்ளிப்பிள்ளையாகிவிடுவார் என்று மூத்த பேராசிரியர்கள் சொல்வதுண்டு. சுதந்திரம் முக்கியம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பிளாண்டர்ஸ் ஆய்வும் அதையே காட்டுகிறது: தன் வேலை தன் கையில் இல்லை என்ற உணர்வு மாணவரைத் தளர்த்துகிறது. ஆனால் எதை ஆராய்வது, எப்படி ஆராய்வது என்பதில் இருக்க வேண்டிய சுதந்திரம் வேறு. நெறியாளர் எப்போது கண்ணில் படுவார் என்று தெரியாமல் நடைபாதையில் நிற்பது வேறு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் என்று நாள் குறித்துவிட்டால், இடைப்பட்ட பதின்மூன்று நாட்களும் மாணவருடையவை. ‘எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லை, நாங்கள் முடிக்கவில்லையா?’ என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். முடித்தவர்கள்தான் இன்று பேராசிரியர்களாக உட்கார்ந்து இதைச் சொல்கிறார்கள். பாதியில் விட்டுப்போனவர்கள் சொல்வதைக் கேட்க அந்த அறையில் யாரும் இல்லை.

இவையெல்லாம் நிறுவனம் செய்ய வேண்டியவை, அதுவரை மாணவர் என்ன செய்வது? அவர் கையில் இருப்பது குறைவு, ஆனால் கொஞ்சம் இருக்கிறது. காத்திருக்கும் வேலையோடு காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றையும் எப்போதும் கைவசம் வைத்துக்கொள்வது அதில் முதன்மையானது. மாதிரி வரும்வரை, பழைய தரவில் ஓர் அட்டவணை போடலாம். ஜர்னல் பதில் சொல்லும்வரை, தீசிஸின் செய்முறைப் பகுதியை எழுதலாம். செய்முறைப் பகுதிக்கு முடிவுகள் தேவையில்லை, உத்வேகமும் தேவையில்லை. மோசமான நாளில்கூட ஒரு பக்கம் நகரும். அன்று நகர்ந்தது எதுவோ அதை நாள் முடிவில் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வைப்பதும் உதவும். தோல்வி தானாக நினைவில் தங்கும். சிறு முன்னேற்றம் எழுதினால்தான் தங்கும். கட்டுரை நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்தால், ரிவியூவர் சொன்னவற்றை அன்றே படிக்காமல் இரண்டு நாள் விட்டுப் படிப்பதில் தவறில்லை. நெறியாளரைத் தவிர, வேலையைப் பற்றிப் பேச இன்னொரு மூத்தவர் இருப்பது பெரிய பலம். 2022 நவம்பரில் வந்த யுஜிசி விதிகள் ஆய்வு ஆலோசனைக் குழுவை வைத்திருப்பதும், ஒவ்வொரு செமஸ்டரும் மாணவர் அதன் முன் தன் வேலையை விளக்க வேண்டும் என்று சொல்வதும் இதற்குப் பயன்பட வேண்டியவை. பல இடங்களில் அது டீயும் பிஸ்கட்டும் கையெழுத்துமாக முடிந்துவிடுகிறது. மாணவர் தன் சிக்கலை எழுத்தில் எடுத்துப்போய் அந்தக் குழுவிடம் கேட்கும் உரிமை உள்ளவர்.

பெண்களுக்கு இந்த வருடங்கள் கல்யாணப் பேச்சும் குழந்தையும் வரும் வருடங்கள். ‘இன்னும் படிச்சுக்கிட்டேதான் இருக்கியா?’ என்ற கேள்வி ஆண்களுக்கும் உண்டு. பெண்களுக்கு அது வாரந்தோறும் தொலைபேசியில் வரும். யுஜிசி விதிகள் இங்கே ஓரளவு இறங்கி வந்திருக்கின்றன: மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கு 240 நாள்வரை விடுப்பு உண்டு, பட்டத்தை முடிக்கக் கூடுதலாக இரண்டு வருடம் தளர்வும் உண்டு. மாதவிடாய் நாட்களுக்காக மாணவிகளுக்கு வருகைப்பதிவில் இரண்டு சதவீதம் கூடுதல் சலுகையை 2023 ஜனவரியில் குசாட் அறிவித்ததைப் பார்த்துக் கேரளம் முழுக்க அது பரவியது. உடம்புக்கும் நாட்களுக்கும் ஏற்ற இறக்கம் உண்டு என்று ஒரு பல்கலைக்கழகம் எழுத்தில் ஒப்புக்கொண்டது அது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் போனால் அது அன்றாட ஏற்ற இறக்கம் இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை. மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

2022-ஆம் ஆண்டு விதிகளைப் புரட்டிப் பார்த்தால் மாணவருக்கான கெடுக்கள் நிறைய இருக்கின்றன: குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம், மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கெடு உண்டு. கொடுக்கப்பட்ட தீசிஸை ஆறு மாதத்துக்குள் மதிப்பிட்டு முடிக்க வேண்டும். மாணவர் எழுதிக் கொடுத்த ஓர் அத்தியாயத்தை நெறியாளர் எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்பதற்கு அதில் கெடு இல்லை. உதவித்தொகைக்கான மாதாந்தர உறுதிப்பதிவை மாதத்தின் எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று அலுவலக வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டவும் யாரும் நிதி ஒதுக்க வேண்டியதில்லை. குசாட்டோ சென்னைப் பல்கலைக்கழகமோ இந்த இரண்டையும் அடுத்த கல்விக்குழுக் கூட்டத்திலேயே தீர்மானமாகப் போடலாம். டெல்லியிடம் அனுமதி கேட்க வேண்டிய விஷயங்கள் இல்லை இவை.